வீடு வாங்க வருபவர் அளவுக்கு மீறிக் கேட்டால்: விற்பவருக்கான முழுமையான வழிகாட்டி

பல வீட்டு விற்பனைகளில் விலை பேசி முடித்த பிறகுதான் உண்மையான பேரமே தொடங்குகிறது. வாசல் வாஸ்துப்படி இல்லை, இரண்டு லட்சம் குறையுங்கள். பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன். அடுத்த வாரம் நல்ல முகூர்த்தம், சாவியை மட்டும் கொடுங்கள், பால் காய்ச்சிவிடுகிறோம்.

இந்தக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில உங்களுக்கு வரும் பணத்தைக் குறைக்கின்றன. சில, பணம் முழுதாக வருவதற்கு முன்பே வீட்டை உங்கள் பிடியிலிருந்து நழுவ வைக்கின்றன. முதல் வகையில் பேசலாம், விட்டும் கொடுக்கலாம். இரண்டாவது வகையில் இம்மியளவும் இறங்கக் கூடாது. ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு, "நல்ல மனுஷனாத் தெரியுது" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் தனி வீடோ ஃபிளாட்டோ விற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிற மாநிலங்களில் கட்டணங்களும் பதிவு முறையும் மாறும்.

படி 1: வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடியுங்கள்

கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்பவர் கையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, பழைய அடமானம் ஈ.சி.யில், அதாவது சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில், அப்படியே நிற்கிறது, மாடி அறைக்கு அனுமதி இல்லை, இப்படி. அட்வான்ஸ் வாங்கி அதை வேறு இடத்தில் போட்டும் விட்ட பிறகு இது வெளியே வந்தால், உங்களால் பிடித்துப் பேச முடியாது.

அதனால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். பட்டா, தாய்ப்பத்திரங்கள் (சொத்து முன்பு கைமாறி வந்த பழைய பத்திரங்கள்), கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பின் பெயர் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். ஃபிளாட் என்றால் சங்கத்திடமிருந்து பாக்கி இல்லை என்று ஒரு கடிதமும் வேண்டும்.

இதில் எல்லோரும் தவறவிடுவது அளவு. பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி என்று இருக்கும். நேரில் டேப் பிடித்தால் 2350 தான் வரும். பக்கத்து வீட்டுச் சுவர் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும், அல்லது சாலைக்குக் கொஞ்சம் போயிருக்கும். சதுர அடி 6000 ரூபாய் என்றால் அந்த 50 அடிக்கு மூன்று லட்சம். இதை வாங்குபவரின் ஆள் அளந்து சொல்லும்போது நீங்கள் திகைத்துப் போவீர்கள். முன்பே அளந்து வைத்திருந்தால், "ஆமாம், 2350 தான், அதைக் கணக்கில் வைத்துத்தான் இந்த விலை" என்று முதல் நாளே சொல்லிவிடலாம். சதுர அடிக் கணக்கில் பேசுகிறீர்களா, உள்ளது உள்ளபடி மொத்த விலையா என்பதையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள்.

குறையை மறைப்பது லாபம் இல்லை. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியமான குறை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது.

படி 2: கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுங்கள்

கேட்கும் விலை, எதிர்பார்க்கும் விலை, இதற்குக் கீழே போகமாட்டேன் என்ற விலை. மூன்றையும் எழுதி வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் பேச உட்கார வேண்டும். கணவர் ஒரு விலையும் மகன் ஒரு விலையும் சொல்லும் வீட்டில் புரோக்கர் குறைந்த விலையைத்தான் வாங்குபவர் காதில் போடுவார்.

மூலதன ஆதாய வரியையும் சேருங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி, மீதி லாபத்துக்கு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய வீடுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக வர வாய்ப்புண்டு. ஆடிட்டரிடம் ஒருமுறை போய்வந்த பிறகு கடைசி விலையை முடிவு செய்யுங்கள்.

படி 3: எரிச்சல் தந்தாலும் நியாயமானவை எவை?

எல்லாக் கேள்வியும் குதர்க்கம் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குபவர் பயப்படத்தான் செய்வார். எல்லாப் பத்திரங்களுக்கும் நகல் கேட்பது, வங்கி மதிப்பீட்டாளரை இரண்டு முறை அனுப்புவது, வக்கீல் கருத்து வரும்வரை ஒப்பந்தம் போடாமல் இருப்பது எல்லாம் நியாயமே.

50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலை என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டிக் கட்டும் வருமான வரி, பிடித்தே ஆக வேண்டும். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரிக் கணக்கில் காட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். குறைந்த விகிதத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

பலரைக் கோபப்படுத்தும் கோரிக்கை, "உங்க பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்பது. "நான் சம்பாதிச்சுக் கட்டின வீடு, அவங்க கையெழுத்து எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் சட்டப்படி தேவை இல்லைதான். ஆனால் பூர்வீகச் சொத்தின் பங்கு அதில் கலந்திருந்தால் கதை வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. பின்னால் ஒரு வழக்கு வந்தால் வாங்கியவர் நடுத்தெருவில் நிற்பார். அதனால் சொத்து எப்படி வந்தது என்பதைப் பத்திரங்களோடு காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் வங்கியின் வக்கீல் வற்புறுத்தினால், உள்ளூரில் இருக்கும் பிள்ளைகள் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. இதைக் கௌரவப் பிரச்சினையாக்க வேண்டாம்.

படி 4: பணத்தைக் குறைக்கச் சொல்பவை

இங்கே ஒரே விதி: எதையும் சும்மா கொடுக்காதீர்கள். ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "சரி, ஒரு லட்சம் குறைக்கிறேன். ஆனா 30 நாளுக்குள்ள பதிவு முடியணும்." "ஏசி ரெண்டையும் விட்டுட்டுப் போறேன். அட்வான்ஸ் பத்து சதவீதமா போடுங்க." சும்மா கிடைத்தால், கேட்டால் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றிவிடும். அடுத்த வாரம் இன்னொன்று கேட்பார்.

பழைய வீட்டுக்கு வருபவர், "கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, இடத்துக்கு மட்டும் விலை சொல்லுங்க" என்பார். இடித்துவிட்டுக் கட்டப்போகிறவர் என்றால் அவர் சொல்வதில் பொருள் உண்டு. குடி வரப்போகிறவர் சொன்னால் இல்லை. அவர் யார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழுது பார்த்துக் கொடுக்கச் சொன்னால் வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்தால் நிறம் சரியில்லை என்பார், கசிவை அடைத்தால் அடுத்த மழை வரட்டும் என்பார். மேஸ்திரியையோ பிளம்பரையோ வரவழைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்கி, நியாயமான தொகையை விலையில் கழித்துவிட்டு அத்தோடு முடியுங்கள். வாஸ்துவுக்காக வாசலை மாற்றச் சொல்வது, சமையலறையை நகர்த்தச் சொல்வது இதைவிட மோசம். அவர் நம்பிக்கையை மதிக்கலாம். ஆனால் பதிவுக்கு முன் உங்கள் வீட்டுச் சுவரை இடிக்க விட வேண்டாம். அவர் பின்வாங்கினால் இடித்த வாசலோடு அடுத்தவரைத் தேட வேண்டியிருக்கும்.

பதிவுச் செலவில் பாதியைக் கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 80 லட்சம் ரூபாய்க்கு 7 லட்சத்து 20 ஆயிரம். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முத்திரைத் தீர்வை வாங்குபவர் பொறுப்பு என்று இந்திய முத்திரைச் சட்டமே சொல்கிறது. இதைப் பணிவாகச் சொல்லி மறுக்கலாம்.

தேதிக் கோரிக்கையில் மட்டும் தாராளமாக இருங்கள். ஆடி வேண்டாம், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் அது மனப்பூர்வமான விருப்பம். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆனால் "ஆவணியில பார்க்கலாம்" என்று விடாமல், எந்தத் தேதி என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

படி 5: எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளக் கூடாதவை

*பாதி வெள்ளை, பாதி ரொக்கம்.* "வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு பண்ணிக்கலாம், மீதியைக் கையில கொடுத்துடறேன்." வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு. ஊரே இப்படித்தான் செய்கிறது என்பார்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாகப் போட இடமுண்டு, அதுவும் பணத்தை வாங்கிய உங்கள் மேல். 30 லட்சம் ரொக்கத்தில் ஐந்து லட்சத்தை அவர் பதிவுக்குப் பிறகு தருவதாகச் சொல்லி ஏமாற்றினாலும் நீங்கள் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது. பத்திரத்தில் முழுப் பணமும் பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்தே இருக்கும். அந்தப் பணத்தைப் போட்டு வேறு வீடும் ஒழுங்காக வாங்க முடியாது.

*மதிப்பை ஏற்றிப் பதிவு செய்வது.* இது எதிர்த் திசை. 70 லட்சத்துக்கு வாங்குபவர், வங்கிக் கடன் அதிகம் கிடைக்க 80 லட்சம் என்று பத்திரத்தில் போடச் சொல்வார். உங்களுக்கு வராத பத்து லட்சத்துக்கு நீங்கள் ஒன்றே கால் லட்சம் வரி கட்ட வேண்டிவரும். பெறாத பணத்தைப் பெற்றதாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வங்கியை ஏமாற்றுவது, அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

*பதிவுக்கு முன் சாவி.* மறுப்பதற்கு மிகவும் கடினமானது இதுதான், ஏனென்றால் அன்போடு கேட்பார்கள். "அம்மாவுக்கு உடம்பு முடியலை சார், இந்த முகூர்த்தத்துல பால் காய்ச்சிட்டா அவங்க மனசு நிறையும். பதிவு அடுத்த வாரம்தானே?" பால் காய்ச்ச வருபவர்கள் ஒரு பீரோவை வைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் தச்சர் வருவார். எழுத்து ஒப்பந்தத்தோடு வீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், அவரை வெளியேற்றுவது நீதிமன்ற வேலையாகிவிடும். உண்மையாகவே முகூர்த்தம்தான் பிரச்சினை என்றால், உங்கள் குடும்பமும் கூடவே இருந்து, இரண்டு மணி நேரத்தில் பூஜையை முடித்துவிட்டு, நீங்களே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வாருங்கள்.

*ஒரிஜினல் பத்திரம்.* காட்டலாம், கொடுக்கக் கூடாது. வக்கீல் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் பார்க்கும்வரை எதிரே உட்காருங்கள், கையோடு எடுத்து வாருங்கள்.

*சின்ன அட்வான்ஸ், நீண்ட கெடு, அதோடு பவர் (உங்கள் சார்பில் செயல்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்).* ஒரு லட்சம் கொடுத்துவிட்டு 11 மாதம் கெடு கேட்பவர் பெரும்பாலும் உங்கள் வீட்டை வாங்க வரவில்லை. அந்த 11 மாதத்துக்குள் கூடுதல் விலைக்கு வேறு ஆளைத் தேடத்தான் வருகிறார். "கிரயம் யார் பெயருக்குன்னு அப்புறம் சொல்றேன்", "பவர் எழுதிக் கொடுத்துடுங்க, நீங்க அலைய வேண்டாம்" என்பவையும் அந்த வழியில் வருபவையே. பவர் பத்திரமோ விற்பனை ஒப்பந்தமோ சொத்தின் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பவரை எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் சார்பில் வீட்டை விற்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கும், விற்ற பணமும் அவர் கைக்கே முதலில் போகும். முன்பின் தெரியாத வாங்குபவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டின் மேல் கடன் இருந்தால், "முதல்ல கடனை அடைச்சிட்டு வாங்க" என்பார். அவர் பயம் புரிகிறது, ஆனால் அடைக்கப் பணம் இருந்தால் பலர் விற்கவே மாட்டார்கள். நடுவழி உண்டு. பாக்கித் தொகைக்கான கடிதத்தை உங்கள் வங்கியிடம் வாங்கிக் காட்டுங்கள், அந்தத் தொகைக்கு மட்டும் அவர் நேரடியாக உங்கள் கடன் கணக்குக்கு டி.டி. எடுக்கட்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அடமானம் தீர்ந்த ரசீதையும் பதிவு செய்து ஈ.சி.யில் ஏற்றுங்கள்.

படி 6: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் உங்கள் ஈ.சி.யில் ஏறும். அது ரத்தாகும்வரை வேறு யாரும் அந்த வீட்டைத் தொடமாட்டார்கள். ஆகவே வாங்குபவர் உறுதியானவர் என்று தெரிந்த பிறகே இதைப் போடுங்கள். வீட்டை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாங்குபவர் வழக்குப் போடும் உரிமையும் 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வலுவாகியிருக்கிறது. இது உங்களையும் கட்டும் கயிறு.

மொத்த விலை, அட்வான்ஸ், அது வந்த வங்கி விவரம், பதிவுக்கான கடைசித் தேதி. அட்வான்ஸில் எவ்வளவு தொகையை அவர் பின்வாங்கினால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது. அப்படி வைத்துக்கொள்ளும் தொகைக்கு வரி உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். கடன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது, ஏனென்றால் இதைத்தான் பலர் வாய் வார்த்தையில் விட்டுவிட்டுப் பிறகு சண்டை போடுகிறார்கள். வீட்டோடு போகும் பொருள்களின் பட்டியலும் வேண்டும். இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், ஊஞ்சல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பூஜையறைக் கதவுக்காகக் கடைசி நாளில் முகம் சுளித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. சாவியும் ஒரிஜினலும் முழுப் பணம் வந்த பிறகே என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

படி 7: பதிவு நாள்

கடைசிக் கோரிக்கை வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். டோக்கன் போட்டாயிற்று, சாட்சிகள் வந்தாயிற்று, கார் பிடித்து வந்தாயிற்று, இனி இவர் திரும்பிப் போகமாட்டார் என்ற கணக்கு அது.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் பதிவுக்கு நானும் போயிருந்தேன். வாங்குபவரின் அண்ணன் டி.டி.க்களை நீட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். ஒன்றரை லட்சம் குறைந்தது. "பெயிண்ட், பிளம்பிங் செலவு இருக்கு இல்லையா டீச்சர், அதைக் கழிச்சிட்டோம்" என்றார் அண்ணன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "சரி தம்பி, பணம் முழுசா தயாரானதும் சொல்லுங்க, வேற நாளைக்கு டோக்கன் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பத்திரத்தைப் பைக்குள் வைத்து, வெளியே மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மீதித் தொகை அவர் வங்கிக் கணக்கில் ஏறியது.

அவரால் அப்படி உட்கார முடிந்ததற்குக் காரணம், அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. டி.டி. அல்லது ஆர்.டி.ஜி.எஸ். எண்கள் பத்திரத்தில் ஏறியிருக்கின்றனவா, தொகை சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்து. சாதாரணக் காசோலை வேண்டாம். வாங்குபவரின் வங்கி அலுவலர் டி.டி.யைக் கொண்டுவருவதாக இருந்தால், அதன் நகலை முந்தின நாளே வாங்கி எண்ணைச் சரிபாருங்கள். அதிகாரி முன் நீங்கள் ஒப்புக்கொண்டு விரல் ரேகை வைக்கும்வரை விற்பனை முடிவதில்லை. அந்த நிமிடம்வரை பொறுமையாக இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

படி 8: விலகுவது எப்படி

ஒத்துவராத ஆளிடமிருந்து விலகும்போது காகிதத்தை முடிக்காமல் விலகாதீர்கள். புரோக்கர் கமிஷனுக்காக இன்னும் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று இழுப்பார், அதற்குப் பிடி கொடுக்க வேண்டாம். ஒப்பந்தக் கெடு முடிவதற்கு முன் வாங்குபவர் சொன்னபடி நடக்காமல் இருந்தால், வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, நீங்கள் பதிவுக்குத் தயாராக இருந்ததை எழுத்தில் காட்டுங்கள். கெடு தாண்டியதும் ஒப்பந்தத்தின்படி எவ்வளவு திருப்பித் தர வேண்டுமோ, அதை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

பதிவு செய்த ஒப்பந்தம் என்றால், பணத்தைக் கொடுத்துவிட்டு ரத்துப் பத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பணம் கைக்குப் போன பிறகு அவர் வருவாரா என்று சொல்ல முடியாது. இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றே, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் டி.டி.யைக் கொடுங்கள். சில நாள் கழித்துப் புதிய ஈ.சி. எடுத்து ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்தவரிடம் விலை சொல்லுங்கள்.